கேள்வி கடினமாகிறதா? கலங்காதீர்கள்: என்க்ளெக்ஸ் எழுதப்போகும் தங்கைகளுக்கு

அமெரிக்காவில் செவிலியராக வேலை செய்ய உரிமம் பெறுவதற்கான என்க்ளெக்ஸ் தேர்வை எழுதப்போகும் பெண்கள் என்னிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பது குறைவு. "அக்கா, கை நடுங்குகிறது, படித்ததெல்லாம் மறந்துபோகிறது" என்றுதான் வருகிறார்கள். தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்தத் தேர்வை எழுதித் தேறியவள். மன்னார்குடி, பேராவூரணிப் பக்கத்திலிருந்து வரும் தங்கைகளுக்கு நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேர்வு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். இதில் நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல, கணினி இன்னும் கடினமான கேள்வியைத் தரும். தவறினால் சற்று எளிதானது வரும். சரியாகச் சொல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும் கேள்விகளாகத்தான் அது தேடித் தேடித் தரும். அதனால் நன்றாக எழுதுகிறவளுக்கும் "எல்லாம் போயிற்று" என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதால் நீங்கள் தோற்கிறீர்கள் என்று பொருள் இல்லை. தேர்வின் அமைப்பே அப்படி. இதை மனதில் ஆழப் பதித்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 85-இல் நின்றால் பாஸ், 150 வரை இழுத்தால் ஃபெயில் என்று விடுதிகளில் பேசிக்கொள்வார்கள். நம்பாதீர்கள். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பதில் கணினிக்கு 95 சதவீத உறுதி கிடைத்ததும் தேர்வு நின்றுவிடும். அது எந்தப் பக்கமும் இருக்கலாம். முதல் 85-இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. வருங்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள். கண்டும் கேட்டுமிராத ஒன்று வந்தால், அந்தப் பதினைந்தில் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்து, தெரிந்தவரை பதில் குறித்துவிட்டு நகருங்கள். பின்னால் திரும்பிப் போக முடியாது.

ஆகவே பாடத்தோடு சேர்த்து அந்தத் தவிப்பையும் பழக வேண்டும். பலர் கட்டிலில் படுத்துக்கொண்டு இருபது கேள்வி போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் உடனே விடையைப் பார்க்கிறார்கள். "சரி" என்று யாராவது சொன்னால்தான் அடுத்த கேள்விக்கே போக முடியும் என்ற நிலைக்கு மனம் பழகிவிடுகிறது. தேர்வு அறையில் யாரும் அதைச் சொல்லப்போவதில்லை. கடைசி மாதத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது மேசையில் உட்கார்ந்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, எல்லாப் பாடமும் கலந்த 85 கேள்விகளை ஒரே மூச்சில் எழுதுங்கள். விடையை முடிவில்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் படபடப்பு வந்தால், இரைப்பு நோயாளிக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் அதே மூச்சுதான். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைவிட நீளமாக விடுங்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஐந்தாறு முறை போதும். தேர்வு நாளில்தான் முதன்முதலாகச் செய்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலமே பெரும் பயம். கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் பெயர்க்காமல், கட்டிலில் கிடக்கும் நோயாளியைக் கண்முன் கொண்டுவாருங்கள். பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்தவரை டெல்டாவில் பார்க்காத செவிலியர் உண்டா? கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும், எச்சில் வடியும், நெஞ்சில் சளி கொறகொறக்கும். அந்த முகம் நினைவுக்கு வந்தால், மூச்சுப்பாதைதான் முதல் கவலை என்பது மொழிக்கு முன்னே வந்து நிற்கும். இன்னொன்று, மருந்துப் பெயர்கள். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெப்பெரிடின். தெரிந்த மருந்தே அந்நியப் பெயரில் வந்து மிரட்டக் கூடாது. ஒரு நோட்டில் எழுதித் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

வார்டில் மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக, படபடப்பைத் தணிக்கவென்று அல்பிரசோலமோ புரப்ரனலாலோ நீங்களாக எடுத்துப் போடவே போடாதீர்கள். முன்னது மூளையை மந்தமாக்கும். பின்னது ஆஸ்துமா இருப்பவருக்கு ஆபத்து. படபடப்பு விடாமல் இருந்தால் மருத்துவரைப் பார்த்து, ஹீமோகுளோபினும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரத்தசோகையைப் பயம் என்று எண்ணித் திரிந்த பெண்களை எனக்குத் தெரியும். வாரக்கணக்கில் உறக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தேர்வுக்கு முந்தைய வாரம் நைட் டியூட்டி வேண்டாமென்று மேட்ரனிடம் முன்கூட்டியே கேளுங்கள். டிகிரி காபியைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நிறுத்தினால் தலைவலிதான் மிஞ்சும்.

தேர்வுத் தேதியை வீட்டில் இருப்பவர்களுக்கும் நெருங்கிய ஒருத்திக்கும் மட்டும் சொல்லுங்கள். "எப்போது அமெரிக்கா?" என்று தெருவே கேட்கும் சுமை உங்களுக்கு வேண்டாம். கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பேனா வைத்துக் கும்பிட வேண்டுமா, தாராளமாகப் போங்கள். நானும் போனேன். ஆனால் அதைப் பத்து நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

சென்னையில் தேர்வு என்றால், உழவன் ரயிலிலோ மன்னை ரயிலிலோ இரவெல்லாம் வந்து இறங்கி நேரே தேர்வுக்குப் போகாதீர்கள். முந்தின நாள் சோழனில் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கி, தேர்வு மையத்தின் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உறங்குங்கள். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அவசியம். நமக்கு இனிஷியல் பெரிய தொல்லை: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், தேர்வுப் பதிவில் ஓர் எழுத்தோடு நிற்கும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். தேர்வு அனுமதி மின்னஞ்சல் வந்த அன்றே சரிபாருங்கள். உள்ளே உள்ளங்கை நரம்பைக் கருவியில் பதிவு செய்வார்கள். அதைக் கண்டு திகைக்க வேண்டாம், எல்லோருக்கும் செய்வதுதான். இடைவேளை கொடுக்கும்போது, கேள்வி நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும், எழுந்து தண்ணீர் குடித்து முகம் கழுவிவிட்டு வாருங்கள். அந்த நேரம் 5 மணியில் கழியும்தான், பரவாயில்லை.

தேறாமல் போனால் 45 நாட்கள் கழித்து மறுபடி எழுதலாம். எந்தெந்தப் பகுதியில் கோட்டுக்குக் கீழே, எதில் மேலே என்று பிரித்துக் காட்டும் அறிக்கை ஒன்று வரும். அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். கீழே என்று இருக்கும் பகுதியிலிருந்து அடுத்த படிப்பைத் தொடங்குங்கள்.