குழந்தை விழுந்து பால் பல்லில் அடிபட்டால் என்ன செய்வது

நடக்கப் பழகும் குழந்தை விழும்போது கையை ஊன்றத் தெரியாது, நேராக முகம்தான் போய் மோதும். அதனால் ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் அடிபடுவதில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும்தான் முதலிடம். கட்டில் முனை, ஈரமான பாத்ரூம் டைல்ஸ், வாசற்படி, டீப்பாய் என்று எங்கே வேண்டுமானாலும் நடக்கும். உதட்டிலும் ஈறிலும் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சின்னக் கிழிசலுக்கே வாய் நிறைய ரத்தம் வரும், அது எச்சிலோடு கலந்து சட்டையெல்லாம் நனைந்துவிடும். ரத்தத்தைப் பார்த்து அடி எவ்வளவு பெரிது என்று முடிவு கட்டாதீர்கள்.

பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் தலையைப் பாருங்கள். விழுந்ததும் நினைவு தப்பியதா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவள்கிறதா, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஏதாவது வடிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பல் அப்புறம்.

தலையில் ஒன்றுமில்லை என்றால், கையைக் கழுவிக்கொண்டு குழந்தையை மடியில் உட்காரவைத்து, துவைத்த பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, ரத்தம் வரும் இடத்தில் வைத்து பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் திரும்பவும் கசியும். உதடு வீங்கினால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளிப்பக்கமாக ஒற்றி எடுக்கலாம். காபித்தூள், மஞ்சள்தூள், சர்க்கரை எதையும் வாய்க் காயத்தில் அப்ப வேண்டாம், பாட்டி எவ்வளவு சொன்னாலும் சரி. காயத்தை மருத்துவர் கழுவிப் பார்க்க வேண்டியிருக்கும், கிராம்பு எண்ணெயும் வேண்டாம், பட்டால் பிஞ்சு ஈறு எரியும். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய தசை கிழிவதும் இந்த வயதில் ரொம்ப சகஜம். பெரும்பாலும் தையல் இல்லாமலே ஆறிவிடும், உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் இருந்தால்.

ரத்தம் அடங்கியதும் பல்லைத் தேடுங்கள். முழுப் பல்லையோ உடைந்த துண்டையோ தரையில், சட்டை மடிப்பில், உதட்டுக்குள் எல்லாம் பாருங்கள், துண்டு உதட்டிலேயே குத்தி உள்ளே நிற்பதும் உண்டு. எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் குழந்தை அதை விழுங்கியிருக்கலாம், அப்படியானால் மலத்தோடு போய்விடும். ஆனால் விடாமல் இருமுகிறது, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறது என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இன்னொன்றும் நடக்கும்: பல் விழுந்தே இருக்காது, அடித்த வேகத்தில் ஈறுக்குள் முழுதாக ஏறிப் புதைந்திருக்கும். பெற்றோர் விழுந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

முழுசாக விழுந்த பால் பல்லைத் திரும்பக் குழிக்குள் செருகவே செருகாதீர்கள். அதற்கு மேலே நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது, அதைக் குத்திக் கெடுத்துவிடும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு நிரந்தரப் பல் விழுந்தால்தான் உடனே திரும்ப வைக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இந்த இரண்டும் பலருக்குக் குழம்பிப் போகிறது, வீட்டில் மூத்த பிள்ளையும் இருந்தால் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது? பல் இடம் மாறி வாயை மூட முடியாமல் இடித்தால், விழுந்துவிடுகிற மாதிரி ஆடினால், உடைந்த பல்லின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால், உதடு ஆழமாகக் கிழிந்திருந்தால் அன்றைக்கே போங்கள். லேசாக ஆடுகிறது, ஓரம் சில்லு போயிருக்கிறது என்றால் மறுநாள் காலை போனாலும் தவறில்லை, ஆனால் போகாமல் விடாதீர்கள். 'பால் பல்தானே, எப்படியும் விழப் போவதுதானே' என்று நாலு பேர் சொல்வார்கள். முன் பால் பல் ஆறேழு வயது வரை இருக்க வேண்டியது, அதில் சீழ் பிடித்தால் மேலே இருக்கும் பல்லுக்குத்தான் கேடு. குழந்தைகள் பல் மருத்துவராகப் பார்த்துப் போவது நல்லது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் பல் மருத்துவக் கல்லூரி எதுவானாலும் அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள், மண்ணில் விழுந்த காயம் என்றால் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டெட்டனஸையும் தடுக்கும் டிபிடி பூஸ்டர் போட்டாயிற்றா என்று கேட்பார்கள்.

அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் நமக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும். மருத்துவரும் நீங்களும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்காருவீர்கள். குழந்தை உங்களைப் பார்த்தபடி உங்கள் மடியில் உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து மருத்துவர் மடியில் தலை வைக்கும். அதன் கால் இரண்டும் உங்கள் இடுப்பின் இருபக்கமும், கைகள் உங்கள் கையில். குழந்தை கத்தும். கத்தும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும், மருத்துவருக்கு அதுவே போதும், ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். அழுகிறதே என்று பாதியில் தூக்கிவிடாமல், அதன் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருங்கள்.

பார்த்து முடித்ததும் பல நேரம் 'இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம்' என்பார். கேட்டதும் நமக்கு ஆறாது, இன்னொரு மருத்துவரிடம் ஓடலாமா என்று தோன்றும். ஆனால் பால் பல் அடிக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் வழிமுறையே பெரும்பாலும் இதுதான். ஈறுக்குள் புதைந்த பல் பல குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே இறங்கி வந்துவிடும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். லேசாக ஆடும் பல் சில வாரத்தில் இறுகிவிடும். அவசரப்பட்டு இழுத்துப் பிடுங்கச் சொல்லிக் கேட்காதீர்கள். 'எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், என்ன தெரிந்தால் உடனே வர வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும்' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பத்துப் பதினைந்து நாளைக்குக் கடிக்கத் தேவையில்லாத சாப்பாடு. குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம். முறுக்கு, ரஸ்க், ஆப்பிள் துண்டு எல்லாம் பிறகு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அந்த நேரத்தில் குழந்தைக்கு அதுதான் ஆறுதல், ஆனால் பால் புட்டியும் சூப்பானும் பல்லை அழுத்தும் என்பதால் அவற்றைத் தவிர்க்கப் பாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அளவைக் குழந்தையின் எடையை வைத்து மருத்துவர் சொல்வார். வீட்டில் என்ன பாட்டில் இருக்கிறது என்று அவரிடம் காட்டிவிடுங்கள், ஏனென்றால் சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் என்று பல அளவுகளில் வரும், ஒன்றின் அளவில் இன்னொன்றைக் கொடுத்தால் ஆபத்து. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

வலிக்குமே என்று பல் துலக்காமல் விட்டால்தான் சீழ் பிடிக்கும். முதல் சில நாள் சுத்தமான பஞ்சைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் மெதுவாகத் துடையுங்கள், மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை எழுதியிருந்தால் அதையும் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள், அப்புறம் மென்மையான பிரஷ்ஷுக்கு மாறலாம். குழந்தையின் தலையை மடியில் சாய்த்து, பின்னால் இருந்தபடி ஒரு விரலால் உதட்டை விலக்கித் துலக்கினால் எல்லாம் கண்ணில் படும்.

சில வாரம் கழித்துப் பல் சாம்பல் நிறமாக மாறலாம். இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் இடிந்துபோகிறார்கள். நிறம் மாறியது மட்டும் என்றால் சிகிச்சை வேண்டாம், சில பற்களில் அது தானே வெளுத்துவிடும், சிலது மஞ்சளாகி அப்படியே இருந்து உரிய வயதில் விழும். வாரம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் மாறுகிறதா இல்லையா என்று சண்டை போட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: பல்லுக்கு மேலே ஈறில் சின்னக் கொப்புளம், வீக்கம், சீழ், இறுகிய பல் திரும்ப ஆடுவது, காய்ச்சல். இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள்.

'நீ பார்த்துக்கொண்டிருந்திருக்கலாமே' என்ற பேச்சு வீட்டில் வரத்தான் செய்யும், அநேகமாக அம்மாவிடம்தான் வரும். பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் இந்த வயதுக் குழந்தை விழும். அப்பாக்கள் அந்த இடத்தில் வாய் திறந்து பேச வேண்டும், பேசாமல் இருப்பதும் குற்றம் சொல்வதில்தான் சேரும். அதற்குப் பதில் எல்லோருமாகக் கட்டில் முனைக்கும் டீப்பாய் முனைக்கும் ரப்பர் ஒட்டுங்கள், பாத்ரூமுக்கு வழுக்காத மேட் போடுங்கள், சக்கரம் வைத்த வாக்கரை எடுத்துவிடுங்கள். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, அடிபட்ட தேதி, எந்தப் பல் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஏழெட்டு வயதில் அந்த இடத்தில் நிரந்தரப் பல் முளைக்கும்போது வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு திட்டு இருக்கலாம், பல் வருவதே தாமதமாகலாம். அன்றைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் இந்தக் கவரைக் கொடுத்தால் காரணம் உடனே புரிந்துவிடும். பெரும்பாலான திட்டுகளைப் பல் நிற ஃபில்லிங் வைத்து மறைத்துவிடலாம்.