ஆஸ்பிரேஷன்: உள்ள போறதா, வெளிய எடுக்கறதா? வீட்ல தவிர்க்க வேண்டிய தப்புகள்

ஆஸ்பத்திரி ஃபைல்ல ஆஸ்பிரேஷன்னு எழுதியிருந்தா, முதல்ல அது எந்த ஆஸ்பிரேஷன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. சாப்பாடு, தண்ணி, எச்சில், வாந்தி இதுல ஏதாவது ஒண்ணு உணவுக்குழாய்க்குப் போகாம மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிட்டா அதுக்கும் அதே பேர்தான், ஊசி போட்டு கட்டியில இருந்து செல்லையோ நெஞ்சுல இருந்து நீரையோ உறிஞ்சி எடுத்தா அதுக்கும் அதே பேர்தான். முதலாவது ஆபத்து, ரெண்டாவது டெஸ்ட் இல்லன்னா வைத்தியம். டிஸ்சார்ஜ் சம்மரில ஆஸ்பிரேஷன் நிமோனியான்னு பார்த்துட்டு "ஊசி குத்தினதால சளி வந்துடுச்சு"ன்னு நினைக்கறவங்க இருக்காங்க, அது அப்படி இல்ல, நுரையீரலுக்குள்ள போகக்கூடாதது போனதால வந்த நிமோனியா அது.

ஊசி விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். கழுத்துல, மார்புல, தைராய்டுல கட்டி இருந்தா எஃப்என்ஏசி எழுதிக் கொடுப்பாங்க, அதாவது ஊசியால கட்டியில இருந்து கொஞ்சம் செல்லை உறிஞ்சி எடுத்துப் பார்க்கற டெஸ்ட். ரத்தம் எடுக்கற ஊசி மாதிரி மெல்லிசு ஊசிதான், சில நிமிஷத்துல முடிஞ்சிடும், பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். ஆனா "குத்தினா கேன்சரா மாறிடும், பரவிடும்"னு பயந்து மாசக்கணக்கா தள்ளிப்போடறாங்க. சாதாரண கட்டிய ஊசி கேன்சரா மாத்தாது. கழுத்து நெறிகட்டினதுல டிபி இருக்கான்னு கண்டுபிடிக்கவும் இதே டெஸ்ட்தான், அதனால இதை எழுதிட்டாலே கேன்சர்னு முடிவு பண்ணவும் வேண்டாம். இன்னொரு தப்பு, ரிப்போர்ட்ல சாம்பிள் போதலன்னு வந்தா அதை "ஒண்ணும் இல்ல"ன்னு எடுத்துக்கறது. அது ரிசல்ட்டே இல்ல, திரும்ப எடுக்கணும், தேவைப்பட்டா பயாப்சி, அதாவது சின்னத் துண்டு சதை எடுத்துப் பார்க்கற டெஸ்ட், பண்ணணும். நெஞ்சுல நீர் கோத்தவங்களுக்கு "ஒரே தடவைல மொத்தத்தையும் எடுத்துடுங்க"ன்னு டாக்டரை நெருக்கறதும் வேண்டாம், சாதாரணமா ஒண்ணரை லிட்டர் வாக்கில நிறுத்திப்பாங்க, ஏன்னா அமுங்கிக் கிடந்த நுரையீரல் சடார்னு விரிஞ்சா அதுக்குள்ளயே நீர் கோத்துக்கும்.

இப்ப வீட்டு விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

பக்கவாதம், பார்க்கின்சன், ஞாபகமறதி நோய் இருக்கற பெரியவங்களுக்கு விழுங்கற தசை சரியா வேலை செய்யாது. நம்ம வீடுகள்ல அவங்கள படுக்க வச்சே, தலைக்கு ஒரு தலகாணி மட்டும் குடுத்து, ஸ்பூன் ஸ்பூனா ஊட்டுறோம், பாசத்துலதான் பண்றோம், ஆனா அது நேரா நுரையீரலுக்கு வழி திறந்து விடற மாதிரி. முடிஞ்ச அளவு நிமிர்த்தி உக்கார வச்சு, தாடைய லேசா நெஞ்சுப் பக்கம் குனிய வச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, ஒரு வாய் முழுசா இறங்கினப்புறம்தான் அடுத்த வாய். சாப்பிட்ட உடனே படுக்க வைக்காம அரை மணி நேரமாவது அப்படியே உக்கார வைங்க. டிவி ஓடிட்டு இருக்கும்போது, பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஊட்டாதீங்க.

"கெட்டியா குடுத்தா அடைச்சுக்கும், தண்ணியா குடுங்க"ன்னு சொல்வாங்க பாருங்க, இது நிறைய பேருக்கு நேர்மாறு. தண்ணி வேகமா ஓடும், மூச்சுக்குழாய் மூடறதுக்குள்ள உள்ள போயிடும். கெட்டியான கஞ்சி மெதுவா இறங்கறதால சிலருக்கு சமாளிக்க முடியும். யாருக்கு எவ்வளவு கெட்டின்னு ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்வாங்க, அவங்க பேச்சுக்கு மட்டும் இல்ல, விழுங்கறதுக்கும் பயிற்சி குடுக்கறவங்க.

புரையேறுனா யாரோ நினைக்கறாங்கன்னு சொல்லி தலைல தட்டிட்டு விட்டுடறோம். நல்லா இருக்கறவங்களுக்கு எப்பவாவது வந்தா சரி, பக்கவாதம் வந்தவங்களுக்கு ஒவ்வொரு வேளையும் புரையேறுதுன்னா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். இருமலே வராதவங்களும் இருக்காங்க, உள்ள போறது வெளிய தெரியவே தெரியாது. தண்ணி குடிச்சதும் குரல் ஈரமா கொழகொழன்னு மாறுறது, அடிக்கடி காய்ச்சல், ஒரு வேளை சாப்பாட்டுக்கே ரொம்ப நேரம் ஆகறது, எடை குறையறது, இதையெல்லாம் கவனிங்க.

சாப்பாடு குடுக்க மூக்கு வழியா வயித்துக்கு டியூப் போட்டாச்சு, இனி பயமில்லன்னு நினைக்காதீங்க. வயித்துல இருக்கறது மேல எதுக்களிச்சு வரும், எச்சிலும் உள்ள போகும். அதனால டியூப்ல ஊத்தும்போதும் தலைப்பக்கம் உசத்தியே இருக்கணும். நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சை மாட்டி லேசா இழுத்துப் பார்ப்பாங்க, அதையும் அவங்க ஆஸ்பிரேட் பண்றதுன்னுதான் சொல்வாங்க. வயித்து நீரோ முந்தின வேளை பாலோ வருதா, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அதுல தெரியும். டியூப்ல போட்டிருக்கற மார்க் மூக்குகிட்ட அதே இடத்துல இருக்கான்னும் பாருங்க, நகர்ந்திருந்தா எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குப் பேசுங்க. வாயால சாப்பிடலையேன்னு வாயை சுத்தம் பண்ணாம விடறதும் தப்பு, வாய்ல இருக்கற கிருமிதான் எச்சிலோட இறங்கி நிமோனியா ஆகுது.

குழந்தைங்களுக்கு வருவோம். குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விடறத தயவுசெய்து நிறுத்துங்க. எண்ணெய் இருமலைக்கூட சரியா கிளப்பாம நுரையீரல்ல போய் தங்கி, அதுவே தனியா ஒரு நிமோனியா ஆகும். அழற பிள்ளைக்கு மூக்கைப் பிடிச்சு பாலாடைல மருந்து ஊத்தறதும் அப்படித்தான்.

4, 5 வயசு வரைக்கும் முழு நிலக்கடலை வேண்டாம். புளியங்கொட்டை, சப்போட்டா கொட்டை கையில கிடைக்காம பார்த்துக்கோங்க. கடலை உள்ள போனா குழந்தை கொஞ்ச நேரம் பயங்கரமா இருமிட்டு அமைதியாயிடும், நாமளும் சரியாயிடுச்சுன்னு விட்டுடுவோம். அது பெரும்பாலும் மூச்சுக்குழாயோட வலது பக்கக் கிளைக்குள்ள போய் உக்காரும், அந்தக் கிளை அகலம், செங்குத்தாவும் இருக்கும். எக்ஸ்ரேல கடலை தெரியாது. அப்புறம் வாரக்கணக்கா வீசிங்குக்கு மருந்து குடுத்துட்டு இருப்பாங்க. அதனால "அன்னைக்கு ஒரு நாள் கடலை சாப்பிடும்போது இருமினான்"னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அந்த ஒரு தகவல் இருந்தா பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா குழாய் விட்டுப் பார்க்கறது, பண்ணலாமான்னு யோசிப்பாங்க. தொண்டைல ஏதாவது அடைச்சு நிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவாதீங்க, இன்னும் உள்ள தள்ளிடும். இருமுறாங்கன்னா இரும விடுங்க. இரும முடியல, சத்தமே வரலைன்னா முதுகுல 5 தட்டு, அப்புறம் வயித்த மேல்நோக்கி 5 அழுத்து, மாத்தி மாத்தி, கூடவே ஒருத்தர் 108க்கு கூப்பிடணும். ஒரு வயசுக்குள்ள இருக்கற பிள்ளைக்கு வயித்த அழுத்தக்கூடாது, முதுகுல தட்டிட்டு நெஞ்சுலதான் அழுத்தணும்.

ஆபரேஷன் அன்னைக்கு "பாவம், ஒரு வாய் காபி"ன்னு திருட்டுத்தனமா குடுக்கறது இன்னமும் நடக்குது. ஆபரேஷனுக்கு குடுக்கற மயக்கத்துல இருமல், விழுங்கல் எல்லாம் ஓய்ஞ்சு போயிருக்கும், வயித்துல இருக்கற அமிலம் நுரையீரல்ல போனா வெந்துடும். அமெரிக்க மகப்பேறு டாக்டர் மெண்டல்சன் 1946லயே பிரசவ மயக்கத்துல இப்படி ஆன 66 பேரைப் பத்தி எழுதிட்டார். பொதுவா மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி வெறும் தண்ணிக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பசும்பால், லேசான டிபனுக்கு 6, எண்ணெய் சாப்பாட்டுக்கு 8 மணி நேரம் இடைவெளி, பால் சேர்ந்த காபி தண்ணிக் கணக்குல வராது. உங்க டாக்டர் சொல்ற நேரம் எதுவோ அதுதான் உங்களுக்கு. தெரியாம குடுத்துட்டா மறைக்காம சொல்லிடுங்க, ஆபரேஷனைத் தள்ளி வைப்பாங்க, அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய், தின்னர் குடிச்ச குழந்தைக்கு உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கறதுதான் இருக்கறதுலயே மோசமான தப்பு. வயித்துல இருக்கறத விட, வாந்தியில மேல வந்து நுரையீரல்ல இறங்கறதுதான் ஆபத்து. பாலும் ஊத்தாதீங்க. நனைஞ்ச துணிய கழட்டிட்டு, பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்க, பிள்ளை நல்லா விளையாடிட்டு இருந்தாலும் 6 மணி நேரமாவது ஆஸ்பத்திரில வச்சுப் பார்ப்பாங்க, பாதியில கூட்டிட்டு வந்துடாதீங்க.