புள்ளைக்கு இந்த காலேஜ் கிடைக்குமா? வீட்டுலயே உக்காந்து கணக்கு பாக்குறது எப்படி

ஆகஸ்ட்ல ஸ்கூல் தொறந்தாச்சுன்னா எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சிடும். அமெரிக்கால, டெக்சஸ்ல டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கோம், சுத்தி நம்ம ஆளுங்க நிறைய, என் பொண்ணுக்கு காலேஜ் அப்ளை பண்ணப்ப நான் ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சதெல்லாம் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா கேப்பாங்க. இந்த வருஷம் முதல் ஃபோன் நாலு தெரு தள்ளி இருக்குற ஒரு தங்கச்சி. "அக்கா, பையனுக்கு எஸ்ஏடி 1540 வந்துருக்கு, ஸ்டான்ஃபோர்ட் கிடைக்குமா?"

எஸ்ஏடின்னா இங்க காலேஜ் சேர எழுதுற டெஸ்ட், மொத்தம் 1600. நான் திருப்பி அஞ்சு கேள்வி கேட்டேன். ஸ்கூல்ல ரேங்க் என்ன, எந்த மேஜர் (காலேஜ்ல முக்கியமா படிக்கப் போற பாடம்), சிட்டிசனா ஹெச்4ஆ (ஹெச்1பில வேலை பாக்குறவங்க குடும்பத்துக்கு குடுக்குற விசா), எத்தனை ஏபி (ஸ்கூல்லயே படிக்கற காலேஜ் லெவல் பாடம்) எடுத்தான், அவன் ஸ்கூல்ல மொத்தம் எத்தனை ஏபி இருக்கு. பாதிக்கு அவகிட்ட பதில் இல்ல. அவ மேல தப்பு சொல்ல முடியாது, நாமெல்லாம் கட்ஆஃப் பாத்து வளந்தவங்க, அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல 200க்கு இத்தனைன்னா போன வருஷ லிஸ்ட்ட எடுத்து இந்த காலேஜ்னு விரல் வெச்சு காட்டிடலாம். இங்க அப்படி ஒத்த நம்பர் கிடையாது. ஆனா அதுக்காக எல்லாம் லாட்டரின்னு விட்டுடவும் வேண்டாம், வெளிப்படையா கிடைக்குற தகவல வெச்சே ஓரளவுக்கு நல்லா கணிக்கலாம், ஒரு சனி ஞாயிறு போதும். அவ பையனையே உதாரணமா வெச்சு சொல்றேன் (அவகிட்ட கேட்டேன், சரின்னுட்டா).

ஸ்டெப் 1: நாலு பேப்பர் எடுத்து வைங்க

டிரான்ஸ்கிரிப்ட் (ஸ்கூல் மார்க் ஷீட்), எஸ்ஏடி இல்ல ஏசிடி (அதே மாதிரி இன்னொரு டெஸ்ட்) ஸ்கோர், 9வதுல இருந்து செஞ்ச ஆக்டிவிட்டி எல்லாம் எழுதின ஒரு பக்கம், அப்புறம் ஸ்கூல் ப்ரொஃபைல். இந்த கடைசி பேப்பர் நிறைய பெத்தவங்களுக்கு தெரியவே தெரியாது. ஸ்கூல் கவுன்சிலர் ஒவ்வொரு பிள்ளையோட அப்ளிகேஷனோடவும் இத அனுப்புவாங்க, ஸ்கூல் வெப்சைட்லயே பெரும்பாலும் இருக்கும். அதுல அந்த ஸ்கூல்ல எத்தனை ஏபி இருக்கு, ஜிபிஏ (எல்லா பாட கிரேடோட சராசரி) எப்படி கணக்கு போடுறாங்க, 12வதுல எத்தனை பேர், இதெல்லாம் இருக்கும். உங்க புள்ளையோட 8 ஏபிய, ஸ்கூல்ல 10 தான் இருக்குன்னா ஒரு மாதிரியும் 28 இருக்குன்னா வேற மாதிரியும் படிப்பாங்க. வெயிட்டட் ஜிபிஏ (கஷ்டமான பாடத்துக்கு கூடுதல் பாயின்ட் சேத்தது) 4.6ன்னு பெருமையா சொல்லுவோம், ஆனா ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அளவுகோல் வேற, பக்கத்து டிஸ்ட்ரிக்ட் 4.6ஓட ஒப்பிட்டா ஒரு அர்த்தமும் இல்ல. அதனால அன்வெயிட்டட் ஜிபிஏ (அந்த கூடுதல் பாயின்ட் சேக்காதது), எவ்வளவு கஷ்டமான பாடம் எடுத்தான், சொந்த ஸ்கூல்ல எங்க நிக்கிறான், இந்த மூணையும் தனித்தனியா எழுதிக்கோங்க.

பையன் கணக்கு: 480 பேர்ல 38வது ரேங்க், கிட்டத்தட்ட டாப் 8 பர்சன்ட். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணும். ஹெச்4.

ஸ்டெப் 2: காமன் டேட்டா செட்

கூகிள்ல காலேஜ் பேரோட "காமன் டேட்டா செட்"னு சேத்து தேடுங்க. பெரும்பாலான காலேஜ் வருஷா வருஷம் ஒரே ஃபார்மட்ல போடுற டாக்குமென்ட், நீளமா இருக்குன்னு பயப்படாதீங்க, நமக்கு சி செக்‌ஷன் மட்டும் போதும்.

சி1ல எத்தனை பேர் அப்ளை பண்ணாங்க, எத்தனை பேருக்கு கிடைச்சுதுன்னு இருக்கும். சி7ல ஒரு டேபிள், எதெத எவ்வளவு முக்கியமா பாக்குறாங்கன்னு அந்த காலேஜே டிக் அடிச்சு குடுத்துருக்கும். ரேங்க், எஸ்ஸே, ரெக்கமன்டேஷன், நீங்க எந்த மாநிலம், அப்பா அம்மா அங்க படிச்சவங்களா, காலேஜ் மேல பிள்ளை எவ்வளவு ஆர்வம் காட்டினான்கறது வரைக்கும் இருக்கும். அந்த ஆர்வம்கற வரிய கட்டாயம் பாருங்க, அத முக்கியம்னு போட்டுருக்குற காலேஜுக்கு அவங்க நடத்துற ஆன்லைன் செஷன்ல கலந்துக்கறது, மெயில தொறந்து படிக்கறது கூட கணக்குல வரலாம், கண்டுக்க மாட்டோம்னு போட்டுருந்தா அந்த நேரத்த எஸ்ஸேல போடலாம்.

சி9 தான் எஸ்ஏடி. 25வது பர்சன்டைல், 75வது பர்சன்டைல்னு ரெண்டு நம்பர், சேந்தவங்கள்ல கால்வாசி பேர் முதல் நம்பருக்கு கீழ, கால்வாசி பேர் ரெண்டாவதுக்கு மேல. இங்க தான் எல்லாரும் தடுக்கி விழறது. ஸ்கோர் நடுவுல இருக்கு, அதனால பாதிக்கு பாதி சான்ஸ் இருக்குன்னு நினைச்சுடுவாங்க. அப்படி இல்லங்க. அந்த ரேஞ்ச் உள்ள வந்துட்ட பிள்ளைங்களோடது, வராம போன ஆயிரக்கணக்கான பேர்ல நிறைய பேருக்கும் அதே ஸ்கோர் இருந்துருக்கும். ஸ்கோர் ரேஞ்சுக்குள்ள இருந்தா ஸ்கோரால தள்ள மாட்டாங்க, அவ்வளவு தான் அர்த்தம். எஸ்ஏடி கட்டாயம் இல்லாத காலேஜ்ல இன்னொரு விஷயம், ஸ்கோர் அனுப்பினவங்களோட நம்பர் மட்டும் தான் அதுல இருக்கும், கம்மி ஸ்கோர்க்காரங்க அனுப்பாம விட்டுருப்பாங்க, அதனால நெஜத்த விட உயரமா தெரியும்.

யார் எஸ்ஏடி கேக்குறாங்கன்னு ஒவ்வொரு காலேஜுக்கும் தனியா பாருங்க. எம்ஐடி 2022லயே திரும்ப கொண்டு வந்துச்சு, 2024ல டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், யூடி ஆஸ்டின் (டெக்சஸ் யுனிவர்சிட்டியோட ஆஸ்டின் கேம்பஸ்) எல்லாம் வரிசையா அறிவிச்சாங்க. கலிஃபோர்னியாவோட ஸ்டேட் யுனிவர்சிட்டியான யூசி கேம்பஸ் (பெர்க்லி அதுல ஒண்ணு) எல்லாம் நேர் எதிர், ஸ்கோர் குடுத்தாலும் அட்மிஷனுக்கு பாக்க மாட்டாங்க. நம்ம பையனோட 1540க்கு பெர்க்லில மதிப்பே கிடையாது, அங்க கிரேடும் நாலு குட்டி எஸ்ஸேவும் தான் பேசும்.

ஸ்டெப் 3: வெளிய சொல்ற பர்சன்டேஜ உங்க புள்ளைக்கு ஏத்த மாதிரி திருத்துங்க

இந்த ஸ்டெப்புக்கு தான் நேரம் குடுக்கணும். ஹார்வர்ட்ல 2028ல படிச்சு முடிக்கற பேட்சுக்கு 54,008 பேர் அப்ளை பண்ணி 1,937 பேருக்கு கிடைச்சுது, 3.59 பர்சன்ட். ஆனா இந்த 3.59 உங்க புள்ளையோடது இல்ல. அட்மிஷன்ல இனத்த பாக்குறாங்கன்னு ஹார்வர்ட் மேல நடந்த கேஸ்ல வெளிய வந்த கணக்கு என்னன்னா, ஸ்போர்ட்ஸ்க்கு எடுக்குற பிள்ளைங்க, அங்க படிச்சவங்க பிள்ளைங்க, டீன் தனி லிஸ்ட்ல இருக்குறவங்க (பெரிய நன்கொடை குடுத்தவங்க பிள்ளைங்க மாதிரி), அங்க வேலை பாக்குறவங்க பிள்ளைங்க, இந்த நாலு கூட்டம் அப்ளை பண்றவங்கள்ல 5 பர்சன்ட் மாதிரி தான், ஆனா கிடைச்சவங்கள்ல 30 பர்சன்ட் மாதிரி இருந்தாங்க. அதே விகிதத்த 2028 பேட்ச்ல போட்டா மத்தவங்களுக்கு 2.6 பர்சன்ட் சுமாரா மிஞ்சும். பழைய வருஷங்களோட விகிதம், அதனால தோராயம் தான், ஆனா எந்தப் பக்கம் சாயுதுன்னு புரியும்.

அடுத்தது மாநிலம். ஸ்டேட் யுனிவர்சிட்டின்னா உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு கதவு, வெளியூர்க்காரங்களுக்கு இன்னொரு கதவு. நார்த் கரோலினா சாப்பல் ஹில்ல வெளி மாநில பிள்ளைங்கள 18 பர்சன்டோட நிறுத்தணும்னு பல வருஷமா ரூல். டெக்சஸ்ல 1997ல வந்த சட்டப்படி ஸ்கூல்ல டாப் 10 பர்சன்ட்ல இருந்தா மாநில யுனிவர்சிட்டில தானா இடம், யூடி ஆஸ்டினுக்கு மட்டும் அது குறுகிட்டே வந்து 2026ல சேர்ற பேட்சுக்கு டாப் 5 ஆயிடுச்சு. 480 பேர்ல 5 பர்சன்ட்னா 24 பேர், பையன் 38. அதனால யூடி ஆஸ்டின் தானா கிடைக்காது, முழு அப்ளிகேஷனையும் பாத்து தான் முடிவு பண்ணுவாங்க. ஆனா அதே மாதிரி மாநில யுனிவர்சிட்டிகளான டெக்சஸ் ஏ அண்ட் எம், யூடி டல்லாஸ் ரெண்டுக்கும் டாப் 10க்குள்ள வந்துடுறான்.

அப்புறம் மேஜர். தானா இடம்னா யுனிவர்சிட்டில தான் இடம், கேட்ட மேஜர்ல இல்ல. யூடில டாப் 5ல இருந்துட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காம வேற மேஜர் வந்த பிள்ளைங்கள நானே பாத்துருக்கேன், வீடே அழுதுச்சு. இல்லினாய் அர்பானா ஷாம்பெய்ன் மொத்தமா பாத்தா பத்துல நாலு பேருக்கு கிடைக்கிற மாதிரி தெரியும், கம்ப்யூட்டர் சயின்ஸ்னு தனியா பாத்தா ஒற்றை இலக்க பர்சன்ட். காலேஜ் பேருக்கு நேரா மொத்த பர்சன்ட் எழுதறத நிறுத்திட்டு மேஜர் பர்சன்ட் தேடி எழுதுங்க, காலேஜ் அத போடலன்னா மொத்தத்துல பாதிக்கும் கீழன்னு நான் வெச்சுக்குவேன், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது கூட தாராளம்.

விசா. நம்ம வீடுகள்ல இத பேசாம விட்டா கடைசில அடி விழும். எம்ஐடி, பிள்ளை சின்ன வயசுல இருந்து டெக்சஸ்லயே வளந்திருந்தாலும் சிட்டிசனோ க்ரீன் கார்டோ இல்லன்னா இன்டர்நேஷனல்னு தான் படிக்கும், அந்த வரிசைல இடம் ரொம்ப கம்மி. ஹெச்4 பிள்ளைக்கு ஃபெடரல் உதவித்தொகை கிடையாது. காலேஜ்கிட்ட உதவி கேட்டா, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி மாதிரி இடங்கள்ல கேட்டதுனால சான்ஸ் குறையாது, ஸ்டான்ஃபோர்ட்ல இன்டர்நேஷனல் பிள்ளைங்களுக்கு அதையும் சேத்து தான் பாப்பாங்க. இன் ஸ்டேட் ஃபீஸ் (உள்ளூர்க்காரங்களுக்கான கம்மி ஃபீஸ்) கிடைக்குமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் வேற, ஒவ்வொரு யுனிவர்சிட்டியோட ரெசிடென்சி பக்கத்துல பாத்துக்கோங்க.

நாம ஏஷியன், அதனால கொறைப்பாங்களான்னு எல்லாரும் கேப்பாங்க. 2023 ஜூன் 29 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் இனத்த ஒரு காரணமா வெச்சு முடிவு பண்ணக் கூடாது, ஆனா பிள்ளை தன் வாழ்க்கைல அது எப்படி இருந்துச்சுன்னு எஸ்ஸேல எழுதலாம். இந்த கவலைக்கு கணக்குல நான் நம்பர் எதுவும் சேக்கறது இல்ல.

கடைசியா எர்லி டிசிஷன் (ஒரே ஒரு காலேஜுக்கு முன்கூட்டியே போட்டு, கிடைச்சா அங்கயே சேர்றேன்னு ஒத்துக்கறது), காமன் டேட்டா செட் சி21ல இருக்கும். கணக்குக்காக ஒரு காலேஜ் எடுத்துக்கலாம்: மொத்தம் 50,000 பேர், 3,000 பேருக்கு இடம், 6 பர்சன்ட். அதுல எர்லில 6,000 பேர் வந்து 1,000 பேருக்கு கிடைச்சுதுன்னா கிட்டத்தட்ட 17 பர்சன்ட், மிச்சம் 44,000 பேர்ல 2,000, அதாவது 4.5. ஆனா அந்த 1,000ல 200 பேர் ஸ்போர்ட்ஸ்க்கு முன்னாடியே பேசி வெச்சவங்கன்னா நமக்கு 5,800ல 800, 14க்கு கீழ. இன்னும் நல்ல வித்தியாசம் தான், ஆனா கிடைச்சா போயே ஆகணும்னு கையெழுத்து போடுறோம், ஃபீஸ் கட்ட முடியுமான்னு தெரியாம இத தொடவே தொடாதீங்க. ஒவ்வொரு காலேஜ் வெப்சைட்லயும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கணும்னு 2011ல இருந்து சட்டம், வருமானத்த போட்டா தோராயமா எவ்வளவு ஆகும்னு சொல்லும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, அது பெரும்பாலும் சிட்டிசன் பிள்ளைங்களுக்கான கணக்கு.

ஸ்டெப் 4: சொந்த ஸ்கூலோட வரலாறு

நாவியன்ஸ் இல்ல ஸ்காயர்னு ஒரு தளம் ஸ்கூல்ல குடுத்துருப்பாங்க. அதுல உங்க ஸ்கூல்ல இருந்து அந்த காலேஜுக்கு அப்ளை பண்ணவங்க ஜிபிஏ, ஸ்கோர் எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும், பச்சைன்னா கிடைச்சுது, சிவப்புன்னா இல்ல. என்னைக் கேட்டா இத விட நல்ல ஆதாரம் வேற இல்ல, ஏன்னா அதே ஸ்கூல், அதே கிரேடிங். ஆனா அந்த பச்சைப் புள்ளி நீச்சல் சாம்பியனா, என்ன மேஜர், எர்லியான்னு அதுல தெரியாது. ஜிபிஏ கம்மியா இருந்தும் தனியா ஒரு பச்சை நின்னா அத பாத்து ஆசைய வளத்துக்காதீங்க. உங்க புள்ளையச் சுத்தி பத்து புள்ளியாவது இருந்தா தான் நான் நம்புவேன்.

ஸ்டெப் 5: ஆக்டிவிட்டிக்கு மார்க் போடுறது

அதே ஹார்வர்ட் கேஸ்ல இன்னொண்ணு தெரிஞ்சுது, படிப்பு, ஆக்டிவிட்டி, ஸ்போர்ட்ஸ், குணம்னு தனித்தனியா 1ல இருந்து 6 வரை மார்க் போடுறாங்க, 1 தான் உச்சம். ஆக்டிவிட்டில 1 வாங்கணும்னா நாட்டு அளவுல பேர் சொல்ற மாதிரி இருக்கணும், 2ன்னா ஸ்கூல்லயோ ஏரியாலயோ முன்ன நின்னு நடத்தினவங்க. நாம இத மூணு படியா வெச்சுக்கலாம்: சேந்தான், நடத்தினான், ஸ்கூல தாண்டி வெளிய தெரிஞ்சான். காமன் ஆப்ல (நிறைய காலேஜுக்கு பொதுவான ஆன்லைன் அப்ளிகேஷன்) பத்து ஆக்டிவிட்டி, ஒவ்வொண்ணுக்கும் 150 எழுத்து தான் இடம், அதுலயே இது தெரியணும். பரதநாட்டிய அரங்கேற்றம், தமிழ்ப் பள்ளி வாலன்டியர், ரோபோட்டிக்ஸ் எல்லாம் நம்ம பிள்ளைங்க நிறைய பேர்கிட்ட இருக்கும், நல்ல விஷயம் தான், ஆனா பேர் மட்டும் போட்டா தனியா தெரியாது. ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளில மூணு வருஷமா ஆறு வயசு குழந்தைங்களுக்கு சொல்லிக் குடுத்து, பாடத்த தானே எழுதினாள்னா அது வேற. தாத்தாவ பாத்துக்கறது, தம்பிய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது, கடைல வேலை, இதையும் எழுதணும், நம்ம ஆளுங்க வெக்கப்பட்டு விட்டுடுறாங்க, மனசு வலிக்குது.

எஸ்ஸேக்கு பெத்தவங்க மார்க் போடாதீங்க. பிள்ளைய தெரியாத ஒரு டீச்சர்கிட்ட குடுத்து, படிச்சு முடிச்சதும் இவன் எப்படிப்பட்டவன்னு மூணு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அவங்க சொல்றது உங்க புள்ள மாதிரி இருந்தா போதும்.

ஸ்டெப் 6: லிஸ்ட்

இப்ப ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு ரேஞ்ச் எழுதுங்க, 2ல இருந்து 4 பர்சன்ட், 20ல இருந்து 35ங்கற மாதிரி. ஒத்த நம்பர் எழுதினா மனசு அதுலயே ஒட்டிக்கும். 15க்கு கீழன்னா ரீச், 15ல இருந்து 60 வரை டார்கெட், 85க்கு மேல தான் சேஃப்டி, நடுவுல விழறதையும் டார்கெட்ல போட்டுடுங்க. இது என் வீட்டு அளவு, நீங்க மாத்திக்கலாம்.

ஒரு தப்பு கணக்கு நிறைய பேர் போடுவாங்க. ஒவ்வொண்ணுலயும் 10 பர்சன்ட் இருக்குற பத்து காலேஜுக்கு போட்டா, ஒண்ணாவது கிடைக்க 65 பர்சன்ட் சான்ஸ்னு. தாயம் உருட்டினா அது சரி. இங்க பத்து இடத்துலயும் போறது அதே டிரான்ஸ்கிரிப்ட், அதே டீச்சர் லெட்டர், அதே எஸ்ஸே. ஒரு இடத்துல எடுபடலன்னா மத்த இடத்துலயும் எடுபடாம போக வாய்ப்பு அதிகம், அதனால நெஜ சான்ஸ் அந்த 65க்கு நல்லா கீழ இருக்கும். இருபது ரீச் போட்டு சேஃப்டி இல்லாம ஏப்ரல்ல நின்ன குடும்பத்த பாத்துருக்கேன், பையன் ரெண்டு நாள் ரூம விட்டு வரல.

நம்ம பையனுக்கு இப்படி வந்துச்சு. ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி ரெண்டும் 1ல இருந்து 3. யூடி ஆஸ்டின் கம்ப்யூட்டர் சயின்ஸ், இல்லினாய் ரெண்டும் ரீச் தான், அம்மாவுக்கு நம்பவே முடியல. பெர்க்லியும் ரீச், அதோட வெளி மாநிலம்னா வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல கூடுதல்னு தெரிஞ்சதும் அவங்களே எடுத்துட்டாங்க. ஏ அண்ட் எம் உள்ள போறது உறுதி, இன்ஜினியரிங்கா வேறயாங்கறது தனி கேள்வி, அதனால டார்கெட்ல வெச்சோம். யூடி டல்லாஸ் சேஃப்டி. அவன் முகம் வாடிடுச்சு, "ஆன்ட்டி, அது வீட்டு பக்கத்துல இருக்கு"ன்னான். வீட்டுல இருந்து அரை மணி நேரம், ஒரு நாள் லீவ் எடுத்து போய் பாருன்னு சொன்னேன், பாக்காம எதையும் சேஃப்டில போடக் கூடாதுன்னு என் ரூல்.

அப்ளை பண்ண கடைசி தேதி: யூடி ஆஸ்டின் எர்லி அக்டோபர் 15, மத்த எர்லி பெரும்பாலும் நவம்பர் 1, ரெகுலர் நிறைய காலேஜ்ல ஜனவரி முதல் வாரம். லிஸ்ட்ட அக்டோபர் முதல் வாரம் ஒரு தடவை, டிசம்பர் நடுவுல எர்லி ரிசல்ட் வந்ததும் இன்னொரு தடவை திறந்து ரேஞ்ச மாத்தி எழுதுங்க. எர்லில டிஃபர் வந்தா (முடிவ தள்ளி வெச்சு ரெகுலரோட சேத்து பாக்குறோம்னு சொன்னா) ரீச்சுக்கு எழுதின எல்லா நம்பரையும் கொஞ்சம் குறைச்சு, ஜனவரிக்கு முன்னாடி ரெண்டு டார்கெட் சேருங்க.

பையன் போன வெள்ளிக்கிழமை யூடி டல்லாஸ் போய்ட்டு வந்தான். சைபர் செக்யூரிட்டி பத்தி அங்க ஒரு ப்ரொஃபசர்கிட்ட இருபது நிமிஷம் பேசினானாம், லிஸ்ட்ல அத கீழ இருந்து நடுவுக்கு அவனே நகத்தி வெச்சுருக்கான்.