சோர் பஜாரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை: முதல்முறை போகிறவர்களுக்கு

மும்பைக்குக் குடிவந்து, வாடகை அட்வான்ஸ் கொடுத்ததிலேயே கை காலியாகி, வீட்டுக்குச் சாமான் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செம்பூரில் எங்கள் வீட்டில் இருக்கும் மேசை விளக்கு, மரப் பலகை, பித்தளைக் காபி ஃபில்டர் மூன்றுமே தெற்கு மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜார் நடைபாதையில் வாங்கியவை. பழைய சாமான் வாங்குவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நன்றாகச் செய்த பொருள் இன்னொரு வீட்டில் இன்னும் இருபது வருஷம் உழைக்கும்.

முதலில் கிழமையைச் சரியாகப் பிடியுங்கள்

சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட் கடைகளில் கிராமபோன், கடிகாரம், பழைய சினிமா போஸ்டர் எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை போகக் கூடாது. அன்றைக்கு அந்தக் கடைகளுக்கு விடுமுறை. ஆனால் அதே வெள்ளிக்கிழமை விடியற்காலையில்தான் சுற்றுவட்டாரத் தெருக்களில் ஜும்மா பஜார் கூடும். தார்ப்பாய் விரித்து, வீட்டுச் சாமான், கருவிகள், செருப்பு, பூட்டு, ஒயர் என்று மலையாகக் குவித்திருப்பார்கள். மதியத் தொழுகைக்கு முன்பே கலைந்துவிடும். வீட்டுக்குத் தேவையானது கிடைப்பது இங்கேதான். விவரம் தெரிந்தவர்கள் இருட்டோடு டார்ச் எடுத்துக்கொண்டு வருவார்கள். முதல்முறை போகிறவர் ஆறு மணிக்கு அங்கே இருந்தால் போதும். ஒன்பதரைக்கு மேல் புழுக்கம் தாங்காது, பொறுக்கி எடுக்க நல்லதும் மிஞ்சியிருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் மின்சாமான் பக்கமே போகாதீர்கள்; எது எத்தனை முறை நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் நடக்கவும் சுகம், பார்த்து வாங்கவும் நேரம் கிடைக்கும்.

வியாழக்கிழமை இரவு செய்ய வேண்டியது

என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான். என்ன வேண்டும் என்று மூன்றே மூன்று பொருள் எழுதுங்கள். பொருள் வைக்கப்போகும் இடத்தை டேப்பால் அளந்து அதையும் பக்கத்தில் குறியுங்கள். மும்பை வீட்டில் இரண்டு அங்குலம் கூடிப் போனால் கதவு திறக்காது.

பைக்குள் இவை இருக்கட்டும்: அளவு டேப், சின்னக் காந்தம், டெஸ்டர், கடிகாரமோ ரேடியோவோ சோதிக்க இரண்டு பென்சில் பேட்டரி, பழைய துண்டு, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில். ஜிபே பல பேரிடம் உண்டு, ஆனாலும் 50, 100 நோட்டாகப் பணம் எடுத்துப் போங்கள். அதை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். காலுக்கடியில் ஆணி, கண்ணாடி எல்லாம் கிடக்கும்.

போகும் வழி

செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் லோக்கல் ரயில், மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டி. இரண்டுக்கும் இறங்குமிடம் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. மாஹிம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கிராண்ட் ரோடில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வெளியே வரவேண்டும். பிறகு நடைதான். தெற்கு மும்பைக்குள் ஆட்டோ ஓடாது; வேண்டுமானால் டாக்ஸி பிடிக்கலாம். திரும்பும்போது ஒரு சௌகரியம்: காலைக் கூட்டம் முழுக்க தெற்கே வரும் வண்டியில்தான். நீங்கள் எதிர்ப்பக்கம் போவதால் பையோடு ஏற இடம் இருக்கும்.

விலை பேசுவது

ஹிந்தி நன்றாக வந்தாலும் இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது கணக்கு. ஸவா சௌ என்றால் 125. டேட் சௌ 150. பௌனே தோ சௌ 175. டாய் சௌ 250. சாடே தீன் சௌ 350. ஒருமுறை டாய் சௌ என்றதை நான் 200 என்று எடுத்துக்கொண்டு நோட்டை நீட்டிவிட்டேன். கடைக்காரர் ஏமாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்துச் சத்தம் போட்டார். அவர் மேல் தப்பில்லை. ரயிலில் போகும்போதே இந்த ஐந்தையும் இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள்.

நம்மூரில் போணி என்கிறோமே, அதைத்தான் அங்கே போஹ்னி என்கிறார்கள். முதல் வியாபாரத்துக்கு அங்கேயும் அதே மரியாதை. ஆறு மணிக்குக் கடை விரித்தவரிடம் விலை கேட்டு, பாதிக்குப் பேசி, அவர் சம்மதித்த பிறகு வேண்டாம் என்று நடந்துவிடாதீர்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் விலை கேளுங்கள். வயதானவர் என்றால் ‘சாச்சா’, மற்றவர் ‘பாய்’. சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பித்து நடுவில் எங்காவது நிற்கலாம். கடைசி இருபது ரூபாய்க்கு நான் மல்லுக்கட்டுவதில்லை. ராத்திரியே மூட்டை தூக்கி வந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்.

பொருளைப் பார்க்கும் விதம்

என் ஃபில்டர் நீலத் தார்ப்பாய் மேல், மொபைல் சார்ஜர்களுக்கும் துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கும் நடுவில் கிடந்தது. உடனே 600 ரூபாயை எடுக்கப் போனேன். கூட வந்த எதிர்வீட்டு அக்கா, தாராவியில் பிறந்து வளர்ந்தவர், கையைப் பிடித்துவிட்டார். “அவசரப்படாத தாயி, மொதல்ல காந்தத்த வெச்சுப் பாரு.” காந்தம் ஒட்டவில்லை, அப்படியென்றால் இரும்புக்கு மேல் முலாம் பூசியது இல்லை. பிறகு மேல்பாத்திரத்தைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்தார். ஒவ்வொரு துளையிலும் ஒரு வெளிச்சப் புள்ளி. ஓரத்தில் மட்டும் ஏழெட்டுத் துளை பழைய காபித்தூளால் அடைத்திருந்தது. கீழ்ப்பாத்திரத்தில் என் பாட்டில் தண்ணீரை ஊற்றி, அடியில் செய்தித்தாள் வைத்து இரண்டு நிமிடம் காத்திருந்தோம். தாள் நனையவில்லை. உள்ளே அமுக்கும் குடை இல்லை, மூடியும் நசுங்கியிருந்தது. அதைக் காட்டித்தான் சாடே தீன் சௌவுக்கு முடித்தோம்.

பித்தளை, செம்பு எதுவானாலும் இதே வரிசைதான்: காந்தம், வெளிச்சம், தண்ணீர். சமைக்கிற பாத்திரம் என்றால் ஈயம் பூசும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மின்விசிறி, மிக்ஸி போன்றவற்றை ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பக்கத்தில் எங்காவது லைன் இழுத்து வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் முழுசாக ஓடட்டும். நான் ஒருமுறை அரை நிமிடம் பார்த்துவிட்டு விசிறி வாங்கினேன். வீட்டில் கால் மணி நேரத்தில் காயில் கருகிவிட்டது. ஓடும்போதே டெஸ்டரை அந்தச் சாமானின் வெளி உலோகத்தில் வைத்துப் பாருங்கள், டெஸ்டர் விளக்கு எரிந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள். உப்புக்காற்று ஊர் இது, ஸ்க்ரூ தலைகளும் செம்புக் கம்பிகளும் பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

மரச்சாமானில் குண்டூசித் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உளு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. மூட்டு இடுக்குகளில் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. மெத்தை, தலையணை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

தொடக்கூடாதவை

பில் இல்லாத மொபைலும் லேப்டாப்பும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவில் வாங்கியவரும் குற்றவாளிதான். கட்டாயம் மொபைல் வேண்டும் என்றால் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்த மொபைலின் அடையாள எண்) எடுத்து, ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, முடக்கப்பட்ட போனா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தந்தச் சாமானையும் தொடாதீர்கள், 1972 வனவுயிர்ச் சட்டம் அதை விற்கவே அனுமதிப்பதில்லை. நூறு வருஷத்துக்கு மேல் பழைய சிலை, நாணயம் எல்லாம் தொல்பொருள். அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு என்று பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது.

வீட்டுக்குள் எடுத்துப் போகும் முன்

ஒன்பது மணிக்குள் கிளம்பினால் மாட்டுங்காவில் இறங்கி இட்லியும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நாங்கள் எப்போதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் மரச்சாமானை நேரே உள்ளே கொண்டுபோகாதீர்கள். கேலரியில், அதாவது பால்கனியில், வைத்து மூட்டு இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுபடி கறுக்கும். ஃபில்டர் துளைக்குக் கொதிநீரில் ஒரு ராத்திரி ஊறல், காலையில் மெல்லிய ஊசி. அடைபட்டிருந்த துளைகள் எல்லாம் திறந்துகொண்டன. குடைக்குப் பதில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறேன். முதல் இரண்டு டிகாக்ஷனைக் கீழே ஊற்றிவிட்டு மூன்றாவதைக் குடித்தோம்.