சைக்கிளின் முன்பக்கச் சுமை: மலைப்பாதைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணாலியிலிருந்து லேவுக்கு சைக்கிளில் கிளம்புகிறவர்கள் சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். முன்பக்கத்தைப் பற்றிக் கடைசியில்தான் நினைப்பு வருகிறது. வேறெங்கும் அடங்காதவை எல்லாம் ஹேண்டில்பாரில் ஏறிவிடுகின்றன. வேறெந்த இடத்தில் வைத்த சுமையும் வண்டியின் சட்டகத்தோடு சேர்ந்து போகும். ஹேண்டில்பாரிலும், முன்சக்கரத்தை இருபக்கமும் தாங்கும் ஃபோர்க்கிலும் கட்டிய சுமையையோ ஒவ்வொரு திருப்பத்திலும் உங்கள் கைதான் திருப்பியாக வேண்டும். அதனால் முன்பக்கப் பை எத்தனை லிட்டர் என்று பார்ப்பதற்கு முன், அது வண்டியின் திருப்பத்தை என்ன செய்கிறது, ஒரு ஸ்டிராப் கழன்றால் அது எங்கே போய் விழும் என்ற இரண்டையும் பாருங்கள்.

கனமானதை முன்னால் வைப்பது

அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். அடுப்பு, டூல் கிட், சார்ஜர், மூன்று நாள் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஹேண்டில்பார் ரோலுக்குள், அதாவது ஹேண்டில்பாரில் குறுக்காகக் கட்டும் உருளைப் பைக்குள், திணித்துவிடுகிறார்கள். சமதளத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வழியிலுள்ள சர்ச்சுவைத் தாண்டி காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போதுதான் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்கு இடமும் வலமும் சாயத் தொடங்கும்.

ஃபோர்க் நேராக நிற்பதில்லை, சாய்வாக இருக்கிறது. அதனால் சக்கரத்தைத் திருப்பும்போது வண்டியின் முன்பகுதி கொஞ்சம் கீழே இறங்குகிறது. அங்கே எடை கூடக்கூட, ஒருமுறை திரும்பிய சக்கரத்தை அந்த எடை அதே பக்கம் இன்னும் இழுக்கும். சாலை சைக்கிள்களில் ஹெட் டியூபின் (ஃபோர்க்கின் மேல்தண்டு நுழைந்து திரும்பும் முன்குழாய்) கோணம் 72, 73 டிகிரி அளவில் இருக்கும். இன்றைய மவுண்டன் பைக்குகளில் அது 64 முதல் 67 டிகிரி வரை படுத்திருக்கிறது. படுக்கப் படுக்க இந்த இழுப்பு அதிகம். ஆகவே கரடுமுரடான பாதைக்கென்று வாங்கிய மவுண்டன் பைக்தான் மெதுவாக ஏறும்போது முன்சுமைக்கு அதிகம் தடுமாறும்.

முன்னால் எடை வைப்பதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. பிரான்சின் நெடுந்தூர சைக்கிள் மரபில் முன்சக்கரத்துக்கு மேலே சிறிய ரேக் ஒன்றில் வைக்கும் பைதான் முதன்மையான பை. ஃபோர்க்கின் வளைவையும் கோணத்தையும் அந்தச் சுமைக்கென்றே கணக்கிட்டு அந்த வண்டிகளைச் செய்தார்கள். நம்மிடம் இருக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படிச் செய்யப்பட்டவை அல்ல.

எனவே முன்னால் போக வேண்டியது இடத்தை அடைக்கும், ஆனால் கனம் குறைந்த பொருட்கள்: ஸ்லீப்பிங் பேக், டவுன் ஜாக்கெட், பாய், கூடாரத்தின் துணிப்பகுதி. ஹேண்டில்பாரில் மொத்தம் இரண்டரை, மூன்று கிலோவுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. டூல், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் சட்டக முக்கோணத்துக்குள் இருக்கும் பையில், முடிந்தவரை தாழ்வாக இருக்கட்டும். ரோலை ஹேண்டில்பாரிலிருந்து தள்ளித் தொங்கவிடாமல், திருப்பு அச்சுக்கு, அதாவது ஹெட் டியூபுக்கு, எவ்வளவு நெருக்கமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கட்டுங்கள். அதே இரண்டு கிலோ பத்து சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் போனாலே கைக்கு வித்தியாசம் தெரியும்.

கேபிளை நசுக்குவது

நெருக்கமாகக் கட்டு என்று சொன்ன உடனேயே அடுத்த சிக்கல் வருகிறது. பிரேக் ஹோஸ்களும் (பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்கள்) கியர் கேபிள்களும் ஹேண்டில்பாருக்கு முன்னால் வளைந்துதான் ஃபோர்க்குக்கும் சட்டகத்துக்கும் இறங்குகின்றன. ரோல் அவற்றை அழுத்தினால் கேபிளின் வளைவு கூர்மையாகிவிடும். கியர் சரியாக விழாது, பிரேக் லிவர் இறுகும். கடையில் டியூன் செய்து வாங்கிய வண்டி மறுநாளே கியர் தாவுகிறது என்றால், முதலில் பையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே அழுத்தமான ஃபோம் துண்டுகள் இரண்டை வைத்தால் கேபிள்களுக்கு இடம் கிடைக்கும். மூன்று சென்டிமீட்டர் போதும். பிறகு பையைக் கட்டிய நிலையிலேயே ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எந்தக் கேபிளாவது இழுபடுகிறதா என்று பாருங்கள். எல்லா கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். டிராப் பார் (நுனிகள் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஷிமானோ லிவர்கள் கியர் மாற்ற உட்புறமாக அசைபவை. பையின் ஓரம் இடித்தால் அவை அசையாது. 42 செ.மீ. டிராப் பாரில் இரு வளைவுகளுக்கும் இடையே கிடைப்பது 40 செ.மீ.க்கும் குறைவான இடம், லிவர் அசைய அதிலும் கொஞ்சம் விட வேண்டும். கூடாரக் கம்பிகளில் பல மடித்த பிறகும் இதைவிட நீளமாக இருக்கும். அவற்றைத் தனியே எடுத்துச் சட்டகக் குழாயோடு கட்டிவிடுவதே நல்லது.

பை உரசும் இடத்தில் ஹெட் டியூபின் மேல் தடித்த ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். லடாக் தூசி பைக்கும் குழாய்க்கும் நடுவில் புகுந்துவிட்டால் சில நாளிலேயே பெயின்ட்டைத் தேய்த்துவிடும். கார்பன் சட்டகமானால் பெயின்ட்டோடு நிற்காது.

டயரைத் தொடும் பை

இதில் மட்டும் துளியும் அலட்சியம் கூடாது. இறக்கத்தில் பை முன்சக்கரத்தின் மேல் விழுந்தால் சக்கரம் சிக்கி நின்றுவிடும், ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். தொங்கும் ஸ்டிராப் நுனி ஸ்போக்கில் மாட்டினாலும் இதே கதிதான்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் உள்ளவர்கள் வண்டி நிற்கும் நிலையில் இடைவெளியைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் பெரிய குழியில் ஏறக்குறைய முழுதும் அமுங்கிவிடும். ஃபோர்க்கிலுள்ள காற்றை இறக்கிவிட்டு, பையைக் கட்டி, ஹேண்டில்பாரை அடிவரை அமுக்குங்கள். அப்போதும் டயருக்கும் பைக்கும் இடையே இரண்டு விரல் இடமாவது இருக்க வேண்டும். பையின் அடியில் லைட்டையோ மட்கார்டையோ மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். உயரம் குறைந்தவர்கள் ஓட்டும் சிறிய சட்டகங்களில், அதுவும் 29 அங்குலச் சக்கரத்தோடு, இந்த இடைவெளி மிகக் குறுகல். அவர்கள் கடையில் கிடைக்கும் பெரிய ரோலை வாங்கவே கூடாது. மெல்லியதாக, அகலமாகக் கட்டுவதுதான் வழி.

ஹேண்டில்பாரில் இரண்டு ஸ்டிராப் மட்டும் போட்டால் பை ஊஞ்சலாடும். ஹெட் டியூபிலோ, ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் ஃபோர்க் கிரவுனிலோ மூன்றாவது கட்டு அவசியம். ஸ்லீப்பிங் பேக் காற்றை இழந்து அமுங்குவதால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லா ஸ்டிராப்பும் தளரும். வழியில் முதல் தேநீருக்கு நிறுத்தும்போது இறுக்கிவிட்டு, மிச்ச நுனிகளைச் சுருட்டிச் செருகுங்கள்.

ஃபோர்க்கின் கால்களில்

ஃபோர்க்கின் காலில் பையையோ பாட்டிலையோ தாங்கும் ஃபோர்க் கேஜ் நல்ல ஏற்பாடு. எடை தாழ்வாக, அச்சுக்கு அருகில் இருக்கும். மூன்று போல்ட் துளையுள்ள ஃபோர்க்குகளில் தயாரிப்பாளர் ஒரு காலுக்கு அனுமதிக்கும் எடை பெரும்பாலும் 3 கிலோவை ஒட்டி இருக்கும். உங்கள் ஃபோர்க்கின் கையேட்டைப் பாருங்கள். துளையில்லாத கார்பன் ஃபோர்க்கில் ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக வளையம்) போட்டு முறுக்காதீர்கள். நசுங்கிய கார்பன் வெளியே தெரியாமலே பலவீனமாகும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் கிளாம்ப் போடுவதென்றால் கீழ்ப்பகுதியில் மட்டும், அடியில் பழைய டியூப் ரப்பர் சுற்றி, பிரேக் ஹோஸ் உள்ளே மாட்டாமல் போட வேண்டும். அங்கே கட்டும் எடை சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கும், சஸ்பென்ஷன் அதைத் தாங்காது. அதனால் சஸ்பென்ஷன் வண்டியில் ஃபோர்க் சுமையை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் சம எடை என்று கிளம்பும்போது எல்லோரும் பார்க்கிறார்கள், வழியில் மறந்துவிடுகிறார்கள். இரு காலிலும் ஒரு லிட்டர் பாட்டில் வைத்து ஒன்றை மட்டும் குடித்துத் தீர்த்தால் ஒருபக்கம் முழுதாக ஒரு கிலோ கூடிவிடும். மாறி மாறிக் குடியுங்கள். எரிபொருள் பாட்டிலை இடது காலில் வைக்கவே கூடாது. டிஸ்க் பிரேக் இருக்கும் பக்கம் அது. கசிந்த மண்ணெண்ணெய் ரோட்டரில் பட்டால் பிரேக் பிடிக்காது. ஃபோர்க் பைகள்தான் முதலில் நனையும். பனி உருகி வரும் ஓடைகள் பிற்பகலில் பெருகுவதால் காலையிலேயே கடப்பது எப்போதும் நல்லது, ஆனாலும் ஸ்லீப்பிங் பேக்கை மட்டும் அங்கே வைக்க வேண்டாம். வழியில் வரும் மோரே சமவெளியின் பிற்பகல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஃபோர்க்கில் இருக்கும் அகலமான பைகள் பாய்மரமாகிவிடும்.

இறக்கத்தில் உதறல்

ஏறக்குறைய 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லங் லா கணவாயிலிருந்து ரும்ட்ஸே பக்கம் இறங்கும்போது வேகம் தானாக ஏறும். தளர்ந்த ஹெட்செட்டோ (ஹெட் டியூபுக்குள் ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) ஆடும் பையோ இருந்தால் ஹேண்டில்பார் உதறத் தொடங்கலாம். அப்போது கைப்பிடியை இறுக்கினால் உதறல் கூடும். இரு முழங்காலாலும் மேல்குழாயை அணைத்துப் பிடித்து, சீட்டிலிருந்து எடையைச் சற்றுத் தூக்கி, பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். நின்றபின் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹெட்செட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் இமயமலையில் போய்க் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. நாமக்கல்லுக்கு அருகில் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பயணத்தில் கொண்டுபோகும் அதே பொருட்களை, தண்ணீர் உட்பட, அதே பைகளில் கட்டி ஒருமுறை ஏறி இறங்குங்கள். இறங்கியதும் ஃபோர்க் போல்ட்களையும் ஸ்டிராப்புகளையும் தொட்டுப் பாருங்கள். எது தளர்ந்திருக்கிறதோ அதை மாற்ற ஊரிலேயே கடை இருக்கிறது. சர்ச்சுவுக்கும் அதே பாதையில் அதற்கடுத்து வரும் பாங்குக்கும் நடுவில் சைக்கிள் கடையே கிடையாது.