உலோகம்தானே என்று நம்பாதீர்கள்: டை-காஸ்ட் ராணுவ ஹெலிகாப்டர் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் சேகரிக்கத் தொடங்கிய ஓர் இளைஞர் தம் முதல் மாடலின் படத்தை எனக்குக் காட்டினார். 1:72 அளவில், அதாவது உண்மையான அளவில் 72இல் ஒரு பங்காக, ஓர் அப்பாச்சி என்னும் அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டர். இரண்டு நாள் மேசைமேல் வைத்து ஆசைதீரப் பார்த்துவிட்டு, ரோட்டரை, அதாவது மேலே சுழலும் இறக்கைத் தொகுதியை, கழற்றாமலேயே பெட்டிக்குள் இறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, அலமாரியின் உச்சியில் ஏற்றிவிட்டாராம். "இனிப் பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அப்படியே இருக்கும், உலோகம்தானே" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே சொற்களைச் சொல்லித்தான் நான் ஒரு சினூக்கை, முன்னும் பின்னும் இரண்டு ரோட்டர்கள் கொண்ட சரக்கு ஹெலிகாப்டரின் மாடலை, பறிகொடுத்தேன்.

கீழே போட்டுவிடாதீர்கள், சிறு பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை. கவனமாகவே இருப்பவர்களும் செய்யும் தவறுகளைத்தான் சொல்ல நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: டை-காஸ்ட் என்ற சொல்லை நம்புவது. துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டிருப்பது பெரும்பாலும் உடல்கூடு மட்டுமே. ரோட்டர் இறக்கைகள், வால் ரோட்டர், விமானி அறைக் கண்ணாடி, ஆன்டெனாக்கள், ஏவுகணைகள், பெரும்பாலும் சக்கரங்கள் உட்பட மற்ற எல்லாம் பிளாஸ்டிக். கார் மாடல்களைச் சேர்த்துப் பழகியவர்களுக்கு இது உறைக்கச் சற்று நாளாகும். காரில் கண்ணுக்குத் தெரியும் வடிவம் பெரும்பாலும் உலோகமாக இருக்கும். ஹெலிகாப்டரில் எடை உலோகத்திலும், தோற்றம் பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது.

உடலை அளந்து இடம் ஒதுக்குவது

ஹெலிகாப்டர் பிடிக்கும் இடம் அதன் உடலளவு அல்ல, ரோட்டரின் வட்டம். அப்பாச்சியின் ரோட்டர் விட்டம் 14.63 மீட்டர். 1:72 அளவில் அது 20 சென்டிமீட்டர், 1:48 அளவில் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். சினூக்கின் இரண்டு ரோட்டர்களையும் சேர்த்து முனையிலிருந்து முனைவரை அளந்தால் ஏறத்தாழ 30 மீட்டர். 1:72 மாடலுக்கே 42 சென்டிமீட்டர் வேண்டும், 1:48 என்றால் 63 சென்டிமீட்டர். எம்ஐ-26 என்னும் ரஷ்யப் பெரும் சரக்கு ஹெலிகாப்டரின் ரோட்டர் மட்டும் 32 மீட்டர். அதை 1:72 அளவில் வாங்கினால் 44 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டு தேவை. சாதாரணப் புத்தக அலமாரியில் அது அடங்காது.

இன்னொன்றும் உண்டு. 1:72இலிருந்து 1:48க்குப் போகும்போது நீளம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, ஆனால் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. எடையும் ஏறக்குறைய அதே கணக்கில் ஏறும். கண்ணாடித் தட்டு தாங்குமா என்பதை வாங்குவதற்கு முன் பாருங்கள். யுஎச்-1 போன்ற இரட்டை இறக்கை ஹெலிகாப்டர்களில் ஒரு வசதி இருக்கிறது: ரோட்டரை உடலோடு நேர்கோட்டில் திருப்பி வைத்துவிட்டால் அகலம் பாதிக்கும் கீழே வந்துவிடும். தரையில் கட்டி நிறுத்தப்பட்ட உண்மையான யுஎச்-1களின் இறக்கையும் அப்படித்தான் நிற்கும் என்பதால் பார்ப்பதற்கும் பொருத்தமாக இருக்கும்.

பெட்டிக்குள் இருந்தால் பத்திரம் என்று நம்புவது

என் சினூக்கின் கதை இதுதான். 1:72 அளவு, ஆறு இறக்கைகள், ஒவ்வொன்றும் மையத்திலிருந்து நுனிவரை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் தட்டில் இறக்கைகளுக்கென்று தனித்தனிப் பள்ளங்கள் இருந்தன. ஆனால் மாட்டிய இறக்கைகளைக் கழற்றினால் அடிப்பாகம் முறிந்துவிடுமோ என்று பயந்து, மாட்டியபடியே உள்ளே வைத்தேன். மூடி லேசாக அழுத்தியது. அந்த இடைவெளியில் காற்றுக் குமிழ் உறையை மடித்துத் திணித்தேன். இறக்கைகள் ஆடாமலிருக்க ஒரு ரப்பர் வளையம். பெட்டியைச் சுற்றிப் பிவிசி தாள். வைத்த இடம் கூரைக்குக் கீழே உள்ள பரண். கோடையில் அங்கே கை வைத்தால் பலகையே சுடும். இத்தனையும் அக்கறையால் செய்தவை.

ஆறு ஆண்டுகள் கழித்துத் திறந்தேன். முதலில் வந்தது எண்ணெய்ச் சிக்கு போன்ற ஒரு வாடை. ஆறு இறக்கைகளும் மூடி அழுத்திய வாக்கில் கீழ்நோக்கி வளைந்திருந்தன, ஒன்று திருகிப் போயிருந்தது. ரப்பர் வளையம் பழுப்புப் பசையாக உருகி இரண்டு இறக்கைகளில் ஒட்டியிருந்தது. மென்மையான வினைல் சக்கரங்கள் தட்டைக் கரைத்துக்கொண்டு அதனுள் பதிந்திருந்தன. எடுத்தபோது ஒரு சக்கரம் தட்டோடு போனது. முதுகுப் பகுதியின் பச்சை வண்ணத்தில் குமிழ் உறையின் வட்டங்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. உலோக உடலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்துகொண்டேன். பிளாஸ்டிக் ஒரே அழுத்தத்தில் நெடுநாள் கிடந்தால் அந்த வடிவத்தையே மெல்ல ஏற்றுக்கொள்ளும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். பிவிசியையும் வினைலையும் மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கப்படும் நெகிழ்த்திகள் உள்ளேயே தங்குவதில்லை. அவை வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் வண்ணத்தையும் இளக்கும். மூடிய பெட்டியில் அந்த ஆவிக்கு வெளியேற வழியில்லை. அதற்கு மேல் நான் வேறு இறுகச் சுற்றி, எந்தப் பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருந்தேன்.

உண்மையான ஹெலிகாப்டரின் இறக்கைகளும் நிற்கும்போது தொங்குகின்றனவே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தொங்கும், உண்மைதான். அந்தத் தொய்வு எல்லா இறக்கைகளிலும் ஒரே சீராக, அடியிலிருந்து நுனிவரை மெல்ல இறங்கும். நல்ல மாடல்களில் அதை அச்சிலேயே வார்த்திருப்பார்கள். வெப்பத்தில் வந்த கோணல் அப்படி இருக்காது. ஒன்று தாழ்ந்து, ஒன்று நிமிர்ந்து, ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். சினூக்கில் முன் ரோட்டரும் பின் ரோட்டரும் ஒன்றன் வட்டத்துக்குள் மற்றொன்று புகுந்து வருகின்றன. ஓர் இறக்கை கோணினாலும் சுற்றிவிட்டால் அடுத்ததில் இடிக்கும்.

காப்பாற்ற முயன்றேன். கொதிக்காத, ஆனால் நல்ல சூடான நீரில் ஒவ்வோர் இறக்கையாக முக்கி, நேராகப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும். மூன்று சரியாயின. இரண்டு பாதி சரியாயின. ஆறாவது, அடிப்பக்கம் வெளுத்துக் கையோடு வந்துவிட்டது. பிறகு சக சேகரிப்பாளர் ஒருவர், உடைந்த சினூக்கின் மூன்று இறக்கைகளைப் பெரிய மனதோடு கொடுத்தார். மூன்றும் முன் ரோட்டருடையவை. எனக்குக் கெட்டுப்போனவை பின் ரோட்டருடையவை. மேலிருந்து பார்த்தால் சினூக்கின் முன் ரோட்டர் இடஞ்சுழியாகவும் (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்) பின் ரோட்டர் வலஞ்சுழியாகவும் சுற்றும். ஆகவே ஒன்றின் இறக்கை மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம், மாற்றிப் போட முடியாது. பின்பக்க இறக்கைகளை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் என் மேல் மட்டுமல்ல. "பெட்டியைத் திறக்காதே, மதிப்புக் குறையும்" என்று மூத்த சேகரிப்பாளர்களே இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். திறக்காத பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. யாருமே பார்க்காத பொருளுக்குக் கேடு வந்தால் அது எப்படித் தெரியும்?

இப்போது நான் செய்வது இது. இறக்கைகளைக் கழற்றி, அமிலமில்லாத மெல்லிய தாளில் தட்டையாகக் கிடத்துகிறேன். கழற்ற முடியாத மாடலைப் பெட்டியில் வைப்பதே இல்லை. ரப்பர், குமிழ் உறை, பிவிசி எதுவும் மாடலைத் தொடக் கூடாது. மென்மையான சக்கரங்களுக்கும் தட்டுக்கும் இடையே பாலித்தீன் துண்டு ஒன்றை இடுகிறேன். பெட்டியைச் சுற்றி எதுவும் ஒட்டுவதில்லை. வைப்பது பரணில் அல்ல, அறையின் நடு உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாத தட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறக்கிறேன். ஒரு முழு நாள் போகும், போகட்டும்.

பெட்டியை எறிவது

அதற்காக எறிந்துவிடாதீர்கள். வீடு மாறும்போது அதைவிடப் பொருத்தமான உறை கிடைக்காது.

இறக்கைகளைத் திருப்பி மாட்டுவது

ஒவ்வோர் இறக்கைக்கும் தடித்து உருண்ட முன்விளிம்பும் மெலிந்த பின்விளிம்பும் உண்டு. சுற்றும்போது முன்விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு செல்ல வேண்டும். அமெரிக்க ஹெலிகாப்டர்களின் பிரதான ரோட்டர் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. எனவே வலப்பக்கம் நீட்டி நிற்கும் இறக்கையின் முன்விளிம்பு மூக்கைப் பார்க்க வேண்டும். ரஷ்ய எம்ஐ-24, பிரெஞ்சு வடிவமைப்பான பூமா, கசல் ஆகிய ஹெலிகாப்டர்களில் சுழற்சி நேரெதிர், அங்கே இடப்பக்க இறக்கையின் முன்விளிம்பு மூக்கைப் பார்க்கும். பலர் இதைக் கவனிக்காமல் அழுத்திச் செருகுகிறார்கள். துளை தளர்ந்துவிடுகிறது, பிறகு சரியாக மாட்டினாலும் நிற்பதில்லை. மாட்டும்முன் அந்த ஹெலிகாப்டரின் உண்மையான படத்தை மேலிருந்தோ முன்னிருந்தோ ஒருமுறை பாருங்கள்.

ரோட்டரைப் பிடித்துத் தூக்குவது

ஒருபோதும் கூடாது. அடிவயிற்றில் கை கொடுங்கள்.

வண்ணத்தைப் பார்த்து வாங்கி, ஆண்டைப் பார்க்காமல் விடுவது

ராணுவ ஹெலிகாப்டர் மாடல் என்பது ஒரு குறிப்பிட்ட இயந்திரம், ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்த கோலம். 1991 வளைகுடாப் போரின் அடையாளங்களோடு, உச்சியில் உருண்டை ரேடார் சுமந்த அப்பாச்சியை ஒருவர் பெருமையாக வைத்திருந்தார். அந்த ரேடார் லாங்போ எனப்படும் டி வகைக்கு உரியது. அது படைக்கு வந்ததே 1990களின் பின்பாதியில்தான். 1991இல் பறந்தது ஏ வகை. அடையாளத்துக்கும் அச்சுக்கும் பொருத்தமில்லாத இத்தகைய மாடல்கள் சந்தையில் நிறையவே இருக்கின்றன.

கண்ணால் பிரித்தறியச் சில எளிய குறிகள் உண்டு. எம்ஐ-8இன் வால் ரோட்டர் வலப்பக்கம், எம்ஐ-17இல் இடப்பக்கம். யுஎச்-1பியின் பெரிய பக்கக் கதவில் ஒரு சன்னல், நீண்ட கூடுள்ள யுஎச்-1டியில் இரண்டு.

பிராவோ நவம்பர் என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் சினூக், வால் எண் இசட்ஏ718, எனக்கு மிகவும் பிடித்த ஹெலிகாப்டர். 1982 ஃபாக்லாந்து போரில் அட்லாண்டிக் கன்வேயர் கப்பல் தாக்கப்பட்டபோது அதிலிருந்த மற்ற சினூக்குகள் அழிந்தன. வானில் இருந்ததால் இது மட்டும் தப்பியது. பிறகு பல பத்தாண்டுகள் பறந்து, அதற்குள் பலமுறை மேம்படுத்தப்பட்டது. ஆகவே "பிராவோ நவம்பர் வேண்டும்" என்று கேட்டால் போதாது. எந்த ஆண்டின் பிராவோ நவம்பர் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வண்ணமும் வெளிப்புறக் கருவிகளும் அதைப் பொறுத்தே மாறும்.

விமானி அறைக் கண்ணாடிக்கு சூப்பர் குளூ

கழன்ற கண்ணாடியை ஒட்ட முதலில் கை போவது அதற்குத்தான். உலரும்போது அதிலிருந்து எழும் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்பனிபோல் படியும். என் யுஎச்-1 ஒன்றில் ஒரு துளிதான் விட்டேன். மறுநாள் காலை முன் கண்ணாடி முழுவதும் உட்புறமாக மங்கிவிட்டிருந்தது. வெளிப்புறம் என்றால் தேய்த்தாவது பார்க்கலாம், உட்புறத்தை எட்ட முடியாது. தெளிவாக உலரும் வெள்ளைப் பசை போதும். கண்ணாடி எதையும் தாங்க வேண்டியதில்லை, இடத்தில் நின்றால் சரி.

கண்ணாடி துடைக்கும் திரவம்

கூடாது. அம்மோனியாவும் ஆல்கஹாலும் அச்சிட்ட எண்களை அழிக்கும், தெளிந்த பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் உண்டாக்கும். மென்மையான தூரிகை மட்டும்.

துத்தநாக அரிப்பைத் தொற்றுநோய் என்று நினைப்பது

உலோகமும் கெடும், அரிதாக. கலப்புலோகத்தில் காரீயம் போன்ற மாசு கலந்திருந்தால் உள்ளிருந்தே அரித்து, மேற்பரப்பு வெடித்து, உடல் வீங்கி நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகளில் இது அதிகம், பிற்காலத்தில் தரம் தவறிய சில தொகுதிகளிலும் வந்திருக்கிறது. ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும், மருந்து கிடையாது. ஆனால் ஒரு மாடலிலிருந்து அடுத்ததற்குப் பரவாது. பயந்துபோய் அருகிலிருந்த நல்ல மாடல்களையும் சேர்த்து விற்றவர்களை எனக்குத் தெரியும். பாதிக்கப்பட்ட ஒன்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

பழைய மாடலை முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து வாங்குவது

விற்பவர்கள் மூக்கையும் வண்ணத்தையும்தான் படமெடுத்து அனுப்புவார்கள். மூன்று படங்கள் கூடுதலாகக் கேளுங்கள். முதலாவது, ரோட்டரின் மட்டத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்தது. இறக்கைகள் ஒரே சீராகத் தொய்கின்றனவா என்பது அதில்தான் தெரியும். இரண்டாவது, சக்கரங்கள் தட்டைத் தொடும் இடம். மூன்றாவது, ரோட்டர் இல்லாமல் மையத்துளை. கழற்ற மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அது ஒட்டப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.