பெயர் ஒன்று, அடையாள எண் வேறு

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் ஆலையின் வைரஸ் தடுப்பு மேலாண்மை மென்பொருள் எஸ்க்யூஎல் சர்வர் 2012 என்ற தரவுத்தள மென்பொருளை நம்பியிருந்தது. அதற்கான நீட்டித்த ஆதரவு 2022 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. சேவைகளை நிறுத்தி, முழு பேக்கப் எடுத்து, 2019 பதிப்புள்ள புதிய சர்வரில் மீட்டேன்.

சேவை தொடங்கியது, ஒரு நிமிடத்தில் தானே நின்றது. பிழை 4060 (தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை), கூடவே 18456 (லாகின் தோல்வி).

ஃபயர்வாலைச் சந்தேகித்து ஒரு நாள் போயிற்று. எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் 1433 போர்ட் திறந்தே இருந்தது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றி இன்னொரு நாள். வாளையார் தாண்டி வீடு திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது: கடவுச்சொல் தவறென்றால் 18456 மட்டும்தானே வரவேண்டும்? 4060 என்றால் வாசல் திறந்துவிட்டது, உள்ளறைதான் பூட்டியிருக்கிறது.

புதிய சர்வரில் லாகினை, அதாவது சர்வருக்குள் நுழையும் கணக்கை, அதே பெயரில் நானே உருவாக்கியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு லாகினுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. மீட்ட தரவுத்தளத்துக்குள் இருந்த பயனர் கணக்கு பழைய எண்ணையே சுமந்து வந்திருந்தது. திரையில் இரண்டும் ஒரே பெயராகத் தெரிவதால் கண் ஏமாந்துவிடுகிறது. ‘ஆல்ட்டர் யூசர்’ கட்டளையில் பயனரை லாகினோடு மறுபடி இணைத்தேன், ஒரே வரி. சேவை நிற்கவில்லை. அப்பாடா!

தரவுத்தளம் எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் இணக்க நிலை இன்னும் 110-இல், அதாவது 2012-இன் நிலையில்தான் இருக்கிறது. மீட்டெடுப்பு அதைத் தானாக உயர்த்தாது. பழைய சர்வரை அணைத்து வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை.